தம்பிக்கு நெகடிவ், எனக்கு பாசிடிவ்: மூளைப்புழு ரத்த டெஸ்ட்டை எப்படி எடுத்துக்கறது?

பவானிக்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

தம்பிக்கு 24 வயசு. போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை காலையில ஏழு மணி இருக்கும். திண்ணையில உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தான். வலது கை கட்டைவிரல் தானா மேலயும் கீழயும் ஆடுச்சு. கையில போனே இல்லாம போன் தள்ளற மாதிரி. "தூக்கத்துலயே ரீல்ஸ் பாக்கறான் பாரு"ன்னு நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. விரல்ல ஆரம்பிச்சது மணிக்கட்டு, முழங்கைன்னு ஏறுச்சு. வாய் ஒரு பக்கமா கோணுச்சு. டம்ளரோட சாஞ்சுட்டான். அம்மா உள்ள ஓடிப் போய் அவனோட பைக் சாவிக்கொத்தை எடுத்துட்டு வந்து கையில திணிச்சு மூடிப் புடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு ரெண்டு மணி நேரம்.

ஈரோட்டுல சேர்த்தோம். சி.டி. எடுத்து, அப்பறம் எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. மூளையில இடது பக்கம் ஒரே ஒரு கட்டி, 11 மி.மீ., மோதிரம் மாதிரி வளையம், அதுக்குள்ள ஓரமா ஒரு புள்ளி, சுத்தி வீக்கம். டாக்டர் படத்தை வெளிச்சத்துல வெச்சு அந்தப் புள்ளியைப் பேனா முனையால காட்டி, "இது புழுவோட தலை"ன்னாரு. நியூரோசிஸ்டிசெர்கோசிஸ், பன்றி நாடாப்புழு. அம்மா அங்கயே உக்காந்துட்டாங்க. நாங்க சைவமுங்க. வீட்டுல முட்டை கூட வாங்கறதில்ல. "ஆரு எம்பையனுக்கு அதைத் தின்னக் குடுத்தது?"ன்னு அவனைப் போட்டு வறுத்தெடுத்துட்டாங்க. அவன் சாமி மேல சத்தியம் பண்ணறான்.

ஃபிட்ஸ் மாத்திரை ஆரம்பிச்சாச்சு, அதுக்கப்பறம் வரல. பிரச்சனை ரத்த டெஸ்ட்டுல வந்துது. "எதுக்கும் பாத்துக்கலாம்"னு ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் எழுதுனாங்க, புழுவை எதிர்த்து உடம்பு ரத்தத்துல உண்டாக்கற புரதத்தைத் தேடறதாம். சிஸ்டிசெர்கஸ் ஐ.ஜி.ஜி., எலைசா. வெளி லேப்புல குடுத்தோம். அங்க கவுன்டர்ல இருந்த பையன், "வீட்டுல எல்லாரும் ஒருக்கா பாத்துக்கறது நல்லதுக்கா"ன்னான். இருக்கற பயத்துல நானும் கையை நீட்டிட்டேன்.

நாலு நாள் கழிச்சு ரிப்போர்ட். தம்பிக்கு 0.41, நெகடிவ். எனக்கு 1.63, பாசிடிவ். 0.9க்குக் கீழ நெகடிவ், 1.1க்கு மேல பாசிடிவ்னு கீழ போட்டிருக்கு. பேர் மாறிப் போச்சான்னு லேப்புக்கு ரெண்டு தடவை போன் பண்ணிட்டேன். மாறலையாம்.

இப்ப வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. சித்தப்பா தெரிஞ்ச இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுனாரு. அவரு, "புழு இல்லைன்னு ரத்தமே சொல்லுது, அப்ப டி.பி. கட்டியா இருக்கும், டி.பி. மருந்து ஆரம்பிக்கலாம்"ங்கறாரு. மாசக்கணக்குல சாப்பிடோணுமாம். முதல் டாக்டரோ, "ரத்தத்தை விடுங்க, படத்தைப் பாருங்க"ங்கறாரு. படத்தை விட ரத்தம் பெருசில்லையா? ரத்தத்துல இல்லாதது மூளையில எப்படிங்க இருக்கும்? இன்னொரு லேப்புல திரும்பக் குடுக்கலாமா? ராத்திரி தலை லேசா வலிச்சாக் கூட எந்திரிச்சு உக்காந்துக்கறேன். எனக்கு மூளையில என்ன இருக்குதுன்னு நெனச்சு நெனச்சு.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜெட்வேகம்:

இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா. மெடிக்கல்ல அல்பெண்டசோல் கேளுங்க, சீட்டு கூட வேண்டாம். ரெண்டு பேரும் ஒரு வாரம் போடுங்க. புழு இருந்தா சாகும், இல்லேன்னா நஷ்டம் ஒண்ணும் இல்ல. முட்டைக்கோஸை மட்டும் நிறுத்துங்க, எல்லாம் அதுல இருந்துதான் வருது.

பழைய மைக்ராஸ்கோப்:

மேலே ஜெட்வேகம் சொன்னதை தயவுசெஞ்சு செய்யாதீங்கம்மா. ஏன்னு கடைசியில சொல்றேன்.

நான் டாக்டர் இல்லை. மதுரைப் பக்கம் 26 வருஷம் மைக்ரோபயாலஜி லேப்ல டெக்னீசியன். அதுல பாதி வருஷம் எலைசா பெஞ்சுதான். நீங்க கையில வச்சிருக்கிற 0.41, 1.63 மாதிரி நம்பரை ஆயிரக்கணக்குல அடிச்சு அனுப்பின கை இது. அதனால அந்த நம்பர் எங்கிருந்து பிறக்குதுங்கிறதை முதல்ல சொல்லிடறேன்.

உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு. அதுல 96 குழி, பல்லாங்குழி மாதிரி. ஒவ்வொரு குழிச் சுவர்லயும் புழுவோட புரதத்தைக் கம்பெனியே ஒட்டி அனுப்புவான். நாங்க உங்க சீரத்தை, அதாவது ரத்தம் உறைஞ்ச பிறகு மேல நிக்கிற தெளிஞ்ச நீரை, தண்ணியா நேர்ப்பிச்சு ஊத்துவோம். அந்தப் புரதத்தை முன்னாடி பார்த்துப் பழகின ஆன்டிபாடி உங்க ரத்தத்துல இருந்தா அது சுவர்ல ஒட்டிக்கும். மத்ததைக் கழுவி விட்டுருவோம். அப்புறம் நிறம் கொடுக்கிற சமாச்சாரம் ஊத்துவோம். ஒட்டின இடம் நீலமாகும், கடைசியில ஆசிட் விட்டா எலுமிச்சம்பழ மஞ்சள். அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தின்னு மெஷின் படிக்கும். அதைக் கம்பெனி சொன்ன எல்லைக் கோட்டால வகுத்தா உங்க 1.63. இவ்வளவுதான். புழுவை யாரும் பார்க்கலை, எண்ணலை. "இந்தப் புரதத்தை, இல்லேன்னா இதோட சாடை உள்ள ஏதோ ஒண்ணை, இந்த உடம்பு எப்பவோ சந்திச்சிருக்கு"ங்கிறதுதான் அந்த மஞ்சள் சொல்ற சேதி.

கழுவறதுன்னு சொன்னேன்ல, அதுல ஒரு கதை இருக்கு. ஒருநாள் தட்டோட கடைசி வரிசை, எச் வரிசை, பன்னிரண்டு குழியும் வெளிர் மஞ்சளா நின்னுச்சு. ஒரே நாள்ல வரிசையா பன்னிரண்டு பேருக்கு புழு வருமா? கழுவற மெஷின்ல எட்டு மூக்கு. எட்டாவது மூக்குல உப்பு அடைச்சிருந்துச்சு. டெஸ்ட் சரியா ஓடுதான்னு பார்க்க வைக்கிற கன்ட்ரோல் சாம்பிள் ஏ வரிசையில இருந்ததால அது அழகா பாஸாயிருச்சு. நான் கவனிக்கிறதுக்குள்ள ரெண்டு ரிப்போர்ட் வெளிய போயிருச்சு. அந்த ரெண்டு வீட்டுக்கும் போன் போட்டு நான் பட்ட பாடு! உங்க ரிப்போர்ட்டும் அப்படித்தான்னு சொல்ல வரலை. புள்ளி வச்ச நம்பர்னாலே சத்தியவாக்குன்னு நினைக்காதீங்கன்னு சொல்றேன்.

இப்ப உங்க தம்பி. ரத்தத்துல இல்லாதது மூளையில எப்படி இருக்கும்னு கேட்டீங்க. தாராளமா இருக்கும். ஒரே ஒரு கட்டி, அதுவும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அது தனியா ஒரு மூலையில பையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. உடம்பு முழுக்க டெஸ்ட்ல தெரியுற அளவுக்கு ஆன்டிபாடி கிளம்பணும்னு கட்டாயம் இல்லை. நிறைய கட்டி இருக்கிறவங்களுக்கு இந்த டெஸ்ட் நல்லா பேசும். ஒத்தைக் கட்டிக்குப் பாதிப் பேர்கிட்ட வாயே திறக்காது.

இதுல நம்ம ஊருக்கு ஒரு பங்கு உண்டு. ஃபிட்ஸ் வந்த இந்தியர்களுக்கு சி.டி.யில இப்படி ஒத்தைப் புள்ளி தெரிஞ்சா ஒரு காலத்துல டி.பி. கட்டின்னு முடிவு பண்ணி டி.பி. மருந்து கொடுத்துருவாங்க. வேலூர் சி.எம்.சி.யில மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் இவங்கல்லாம் அந்தப் புள்ளிகளை ஆபரேஷன்ல எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. பெரும்பாலும் பன்றி நாடாப்புழுவோட சிதைஞ்ச கூடு. 1989ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில எழுதினாங்க. அப்புறம் ஆபரேஷன் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு அளவுகோல் வகுத்தாங்க: ஒரே கட்டி, 20 மி.மீ.க்குள்ள, மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளுற அளவுக்கு வீக்கம் இல்லை, ஆளுக்குக் கை கால் பலவீனம் கூடிக்கிட்டே போகலை, டி.பி. மாதிரி வேற வியாதிக்கு அடையாளம் இல்லை. இதெல்லாம் பொருந்தினா புழுக்கட்டின்னு எடுத்துக்கலாம். கவனிங்க, அந்தப் பட்டியல்ல ரத்த டெஸ்ட்டே கிடையாது. உங்க தம்பிக்கு அதுக்கும் மேல ஒரு சாட்சி, அந்தப் புள்ளி. புழுவோட தலை படத்துல தெரிஞ்சா அதை விடப் பெரிய ஆதாரம் கேட்கிற டாக்டர் யாரும் இல்லை. முதல் டாக்டர் பேனா முனையில காட்டினாருல்ல, அவர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கார்.

அதே 1989ல அமெரிக்காவுல அட்லான்டாவிலிருந்து இன்னொரு டெஸ்ட் வந்துச்சு, இ.ஐ.டி.பி., பிளாட்னு சொல்வாங்க. குழியில புழுவை மொத்தமா அரைச்சுப் பூசாம, சுத்தம் பண்ணின ஏழு கிளைக்கோபுரதத்தை (சர்க்கரை ஒட்டின புரதம்) காகிதப் பட்டையில கோடு கோடா விரிச்சு வைக்கிறது. எந்தக் கோடு தெளிவா விழுந்தாலும் பாசிடிவ். சாடை பார்த்து ஏமாறாது. டெஸ்ட்தான் எடுக்கணும்னா அதைத்தான் எடுக்கணும்னு அமெரிக்கத் தொற்றுநோய் டாக்டர்கள் சங்கத்தோட வழிகாட்டி சொல்லுது. புழுவை அரைச்சுப் பூசின எலைசாவை வேண்டாம்னே எழுதியிருக்காங்க. ஆனா ஒத்தைக் கட்டின்னு வந்தா அந்தப் பிளாட்டும் தடுமாறும். அதனால இன்னொரு லேப்ல திரும்பக் கொடுக்கலாமாங்கிற கேள்விக்கு என் பதில், அந்தக் காசுக்குத் தம்பிக்கு மாதுளம்பழம் வாங்குங்க.

அடுத்தது நீங்க. கல்யாணப் பந்தல் பிரிச்சு ஆறு மாசம் ஆனாலும் வாசல்ல மூங்கில் நட்ட குழி இருக்கும். குழியைப் பார்த்துட்டு "இன்னைக்கு உங்க வீட்டுல கல்யாணமா?"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? உங்க 1.63 அந்தக் குழிதான். எப்பவோ முட்டை உள்ள போயிருக்கலாம், உடம்பே அழிச்சிருக்கலாம். தோல்லயோ சதையிலயோ ஒரு கட்டி வந்து காஞ்சு போயிருக்கலாம். சின்ன வயசுல வயித்துல குட்டை நாடாப்புழு இருந்திருந்தாலும், நாய் வழியா வர்ற ஹைடாடிட் புழுவைச் சந்திச்சிருந்தாலும் இந்த எலைசா மஞ்சளாகும், எல்லாம் ஒரே குடும்பம். வேலூர் மாவட்டத்துல எந்த வியாதியும் இல்லாத சாதாரண ஜனங்ககிட்ட ரத்தம் எடுத்துப் பார்த்தப்பவே நூத்துக்குப் பத்துப் பேருக்கு மேல ஆன்டிபாடி இருந்துச்சு. அத்தனை பேர் மூளையிலயும் புழுவா? பெரு நாட்டுல பாசிடிவ் ஆனவங்களை ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பப் பார்த்தா கணிசமானவங்களுக்குத் தானா மறைஞ்சே போச்சு.

கவுன்டர் பையன் மேல கோபம் வருது, ஆனா அவன் என்ன செய்வான், அவனுக்கு மாச டார்கெட். டி.பி.க்கும் இப்படித்தான் ரத்தத்துல ஆன்டிபாடி டெஸ்ட்னு ஊரெல்லாம் ஓடுச்சு, நானே எடுத்திருக்கேன். 2011ல உலக சுகாதார நிறுவனம் கூடாதுன்னுச்சு, 2012ல நம்ம அரசாங்கம் தடையே போட்டுருச்சு. அதுக்குள்ள அந்தக் காகிதத்தை நம்பி எத்தனை பேர் சும்மா மருந்து முழுங்கினாங்களோ.

அம்மாவுக்குச் சொல்லுங்க, தம்பி மேல தப்பு இல்லை. இந்தப் புழுவுக்கு ரெண்டு பாதை. சரியா வேகாத பன்றிக்கறி சாப்பிட்டா வயித்துக்குள்ள நீள நாடாப்புழு வளரும், அவ்வளவுதான். அந்த ஆளோட மலத்துல வர்ற முட்டை யாரோட வாய்க்குள்ள போகுதோ அவங்களுக்குத்தான் மூளையில கட்டி. கறி தின்னவருக்கு வயித்துல புழு. அவர் கை கழுவலைன்னா பக்கத்து இலைக்காரருக்குத் தலையில புழு. நியூயார்க் புரூக்ளின்ல பன்றியைத் தொடவே தொடாத யூதர்கள் நாலு பேருக்கு இது வந்துச்சு, 1992ல பத்திரிகையில வெளியாச்சு. அந்த வீடுகள்ல வேலைக்கு இருந்தவங்க லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவங்க, அவங்க வழியாத்தான் வந்திருக்கணும்னு எழுதியிருக்காங்க. முட்டைக்கோஸ் பாவம், அதுக்குள்ள எதுவும் வளர்றதில்லை. சாக்கடைத் தண்ணி பாஞ்ச எந்தக் கீரையிலயும் முட்டை ஒட்டியிருக்கலாம், வேக வச்சா செத்துரும்.

எப்ப உள்ள போச்சுன்னு தேடாதீங்க. 450 பேரோட கதையை 1961ல தொகுத்திருக்காங்க, பெரும்பாலும் இந்தியாவுல வேலை பார்த்துட்டுப் போன பிரிட்டிஷ் சிப்பாய்கள். ஊர் திரும்பி சில வருஷம் கழிச்சுத்தான் பலருக்கு முதல் ஃபிட்ஸே.

கடைசியா ஜெட்வேகத்துக்கு. மூளைக்குள்ள புழு சாகும்போதுதான் வீங்கும், வீங்கினா ஃபிட்ஸ் வரும். அதனால ஸ்டீராய்டு கொடுத்துக் கூடவே வச்சுப் பார்த்துக்கிட்டுத்தான் அல்பெண்டசோல் கொடுப்பாங்க. முன்னாடியே கண்ணுல சொட்டு விட்டு உள்ள பார்ப்பாங்க, கண்ணுக்குள்ள ஒரு புழு இருந்து அது செத்தா பார்வை போயிரும். "நஷ்டம் ஒண்ணும் இல்ல"ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்.

இன்னொண்ணு. சாவிக்கொத்துக்கும் ஃபிட்ஸுக்கும் சம்பந்தம் இல்லைம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி.

கிடைக்காரன் மகன்:

அக்கா, என் கதை வேற புழு, ஆனா உங்க 1.63-ஐப் பார்த்ததும் எழுதணும்னு தோணுச்சு.

எங்க அப்பா செம்மறி வச்சு வயல்ல கிடை போடுறவர். கிடைன்னா நாய் இருக்கும், ஆடு அறுத்தா குடலும் ஈரலும் நாய்க்குத்தான். ஒம்பது வருஷம் முன்னாடி எனக்கு வலது விலாவுக்குக் கீழ பாரமா இருக்குன்னு ஸ்கேன் பார்த்ததுல ஈரல்ல தேங்காய் சைஸ் நீர்க்கட்டி. ஹைடாடிட். உள்ள வெங்காயச் சருகு மாதிரி தோல் மிதக்குதுன்னாங்க. அப்ப எடுத்த ஆன்டிபாடி டெஸ்ட் பாசிடிவ், படமும் அதையே சொல்லுச்சு. ஆபரேஷன், மாத்திரை, எல்லாம் முடிஞ்சு நல்லாயிட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் போனப்ப நானா ஆர்வக்கோளாறுல அதே டெஸ்ட்டைக் குடுத்தேன். பாசிடிவ்! திரும்பி வந்துருச்சுன்னு வீட்டுல ஒரே அழுகை. சர்ஜன் ஸ்கேன் பார்த்துட்டு, "ஈரல் சுத்தமா இருக்கு. இந்த ஆன்டிபாடி கட்டி போன பிறகும் வருஷக்கணக்குல நிக்கும். நான் கேட்காம இனிமே ரத்தம் குடுக்காத"ன்னு திட்டி அனுப்பினார். எங்க ஊர்லயே ஒருத்தருக்கு நுரையீரல்ல அதே கட்டி, அவருக்கு டெஸ்ட் நெகடிவ். ஆபரேஷன்ல எடுத்துப் பார்த்தா புழுவேதான்.

இப்ப அப்பா நாய்க்குப் பச்சை ஈரல் போடுறதில்ல. அவிச்சுத்தான். நாய்க்குத்தான் எங்க மேல கோவம்.

பவானிக்காரி:

ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. பந்தல் குழி கதையை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்ப உனக்குக் கல்யாணம் முடிஞ்சு போச்சு, அவனுக்குத்தான் இப்ப பந்தல்"னு சொல்லிட்டாங்க. ஒரு மாசத்துல முதல் தடவையா சிரிச்சோம்.

ஐயா, இன்னும் ரெண்டு கேள்வி. நான் ஸ்கேன் எடுக்கோணுமா? தலைவலின்னு சொன்னேன், ஆனா அது அவன் விழுந்த நாள்ல இருந்துதான், தூங்கிட்டா சரியாயிடுது. அப்பறம், முதல் டாக்டர் அட்மிட் பண்ணி ஸ்டீராய்டோட மாத்திரை ஆரம்பிக்கறேன்னுட்டாரு. அதுக்கு முன்னால தம்பிக்கு இன்னொரு ஆன்டிபாடி டெஸ்ட் எழுதியிருக்காரு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு. ஆன்டிபாடியே வேண்டாம்னு நீங்க சொல்லறீங்க, அவரு இன்னொண்ணு எழுதறாரு. இதையும் விட்டுறலாமா?

பழைய மைக்ராஸ்கோப்:

ஐயோ, அதை விட்டுறாதீங்க! ஆன்டிபாடியே வேண்டாம்னு நான் எங்கம்மா சொன்னேன். எந்தப் புழுவுக்கு, எந்தக் கேள்விக்குங்கிறதுதான் விஷயம்.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் மண்ணுல இருந்து வெறுங்கால் வழியா ஏறுற நூல் மாதிரிப் புழு. அது உடம்புக்குள்ளயே குட்டி போட்டுத் திரும்பத் திரும்பத் தொத்திக்கிட்டு காலம் பூரா இருக்கும். பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்த போர்க்கைதிகளுக்கு, ஊர் திரும்பி முப்பது நாப்பது வருஷம் கழிச்சும் அது வயித்துல இருந்துச்சு. சும்மா இருக்கிற வரைக்கும் லேசா அரிப்பு, வயித்துவலி. ஆனா ஸ்டீராய்டு உள்ள போச்சுன்னா கட்டு அவிழ்ந்து உடம்பு முழுக்கப் பரவி ஆளையே கொன்னுரும். மலத்துல தேடினா ஒரு நாள் தெரியும், மூணு நாள் தெரியாது, அவ்வளவு கம்மியா வெளிய வரும். நானே ஒரே ஆளோட சாம்பிளை அஞ்சு நாள் பார்த்து அஞ்சாம் நாள் ஒரு குட்டியைப் பிடிச்சிருக்கேன். ஸ்லைடு ஓரத்துல அது நெளிஞ்சுச்சு பாருங்க, கத்தியே விட்டேன். அதனால அந்தப் புழுவுக்கு ரத்த டெஸ்ட்தான் நல்ல வலை. மருந்து கொடுத்த பிறகு அந்த நம்பர் ஆறு மாசம், ஒரு வருஷத்துல இறங்கவும் செய்யும். யானைக்கால் புழு இருந்தாலும் சாடையில பாசிடிவ் காட்டும்தான், ஆனா இங்க தப்பா பாசிடிவ் வந்தா நஷ்டம் ஒண்ணு ரெண்டு ஐவர்மெக்டின் மாத்திரை. தப்பா விட்டா நஷ்டம் உயிர். அந்த டாக்டரை விட்டுறாதீங்க, யோசிச்சு எழுதறவர்.

உங்க ஸ்கேன் விஷயம். ஃபிட்ஸ் இல்லை, வாந்தியோட தலைவலி இல்லை, பார்வை மங்கலை, கை கால் நல்லா இருக்குன்னா 1.63-க்காக மட்டும் ஸ்கேன் எடுக்கணும்னு எனக்குத் தோணலை. ஆனா அதை நான் சொல்லக்கூடாது. அதே டாக்டர்கிட்ட உங்களையும் ஒருதரம் காட்டுங்க.

அதை விட முக்கியமா ஒண்ணு கேளுங்க. வீட்டுல எல்லாருக்கும், வெளியாள் யாராவது சமைக்க வந்தா அவங்களுக்கும், மலப் பரிசோதனை. நாடாப்புழு முட்டை, இல்லேன்னா நாடாத் துண்டு. முட்டையை மைக்ராஸ்கோப்ல பார்த்து பன்றிப் புழுவா மாட்டுப் புழுவான்னு சொல்ல முடியாது, ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். எதுவா இருந்தாலும் மருந்து கொடுத்துருவாங்க. உங்க வீட்டுக்கு இப்ப தேவையான டெஸ்ட் அதுதான். கவுன்டர் பையன் சொல்லாததும் அதுதான், அது மலிவு.

பவானிக்காரி:

நாலு மாசம் ஆச்சுங்க. பாதியில விட்டுட்டுப் போறவங்களைத் திட்டற ஆளு நான், அதனால வந்துட்டேன்.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் நெகடிவ். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம், டி.பி. பேச்சை சித்தப்பாவே விட்டுட்டாரு. கண்ணுல சொட்டு விட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில வெச்சு ஸ்டீராய்டோட அல்பெண்டசோல் பத்து நாள். மூணாம் நாள் ராத்திரி கட்டைவிரல் கொஞ்சம் ஆடுச்சு. நர்ஸம்மா வந்து பாத்து மருந்தைக் கூட்டுனாங்க, நின்னுருச்சு. நான் சிரிக்கல, கடிகாரத்தைப் பாத்தேன். ஒரு நிமிஷம் பத்து செகண்டு.

வீட்டுல அஞ்சு பேரும் டப்பா டப்பாவா மூணு நாள் குடுத்தோம். அப்பா மட்டும் ரெண்டு நாள் ரகளை பண்ணிட்டு அப்பறம் குடுத்தாரு. ஆருக்கும் எதுவும் இல்ல. தம்பி மூணு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தான், தள்ளுவண்டிக் கடையெல்லாம் சாப்பிட்டவன், எங்கயோ வந்திருக்குதுன்னு விட்டுட்டோம். டாக்டர் என்னைய நடக்கச் சொல்லி, மூக்கைத் தொடச் சொல்லி, கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, "உங்களுக்கு ஸ்கேன் வேண்டாம், தூக்கம் வேணும்"னாரு. என் ரிப்போர்ட் பீரோவுல பட்டுப்பொடவைக்கு அடியில கெடக்குது. அந்த லேப்புல இருந்து வாட்ஸ்அப்ல தீபாவளி ஆஃபர் கூட வந்துது, குடும்பப் பேக்கேஜாம்.

போன வாரம் திரும்ப ஸ்கேன் எடுத்தோம். 11 மி.மீ. இருந்த இடத்துல இப்ப 3 மி.மீ. வெள்ளைப் புள்ளி. வீக்கம் இல்ல. காஞ்சு சுண்ணாம்பாயிருச்சாம். ஆனா அந்தச் சுண்ணாம்புப் புள்ளியே ஃபிட்ஸைக் கெளப்பும்கறதால மாத்திரை இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும்னுட்டாரு.

பழைய மைக்ராஸ்கோப்:

நல்ல சேதி சொன்னீங்கம்மா. மாத்திரை ஒருவேளை கூட விடக்கூடாது, நல்லாத்தானே இருக்கேன்னு பையன் தானா நிறுத்துவான், அதுல கண்ணா இருங்க. வண்டி ஓட்டறாரா?

பவானிக்காரி:

டாக்டர் சொல்லற வரைக்கும் கூடாதுன்னாச்சுங்க. தெனமும் கேட்டுப் பாக்கறான். சாவிக்கொத்து அம்மா இடுப்புல.